இரண்டு நிமிடம் இருந்த ஓவியம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. பர்ஜோர் கபாடியா இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறைக்கும் நடுவில் ஐந்து வருஷ இடைவெளி. ஒரு முறை சொன்னபோது அன்று மேகமூட்டம் என்றார், இன்னொரு முறை சுள்ளென்று வெயில் என்றார். மாதம் மார்ச் என்று நானாக வைத்துக்கொண்டேன், உப்பு வாரும் காலம் என்று அவர் சொன்னதால். நிறங்களை மட்டும் அவர் மாற்றிச் சொல்லவே இல்லை. ஆனால் எனக்கு இப்போது அதிகச் சந்தேகம் அந்த நிறங்களைப் பற்றித்தான்.

பர்ஜோருக்கு பம்பாய் பரேலில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் நிறம் பார்க்கும் வேலை. அவருடைய பக்கத்து மேஜையில் நான் பதினாறு வருஷம் இருந்தேன். தொட்டியில் தயாராகும் ஒவ்வொரு பெயிண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஒரு தகரத் துண்டில் பூசிக் காயவைப்போம். அதை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், மாதிரியாக வைத்திருக்கும் மூலத் தகட்டின் பக்கத்தில் வைத்து அவர் பார்ப்பார். ஒரு மூச்சு நேரம்தான். “சரி” என்பார், அல்லது “மஞ்சள் ஒரு துளி” என்பார். நிறம் அளக்கும் யந்திரம் வந்த பிறகும், யந்திரம் சரியாகச் சொல்கிறதா என்று அவரிடம்தான் கேட்டார்கள். மிச்ச நேரங்களில் அவர் பேசமாட்டார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவருக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொள்வதுண்டு.

பார்த்ததைச் சொல்லுவதுதான் அவருக்குச் சம்பளம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தார். முப்பத்துநாலு வருஷம் கழித்து அதையாவது ஒப்புக்கொள்ளுவதா வேண்டாமா என்ற நிலை அவருக்கு வந்தது.

வாமன் கேள்ஷீகரும் பர்ஜோரும் ஓவியப் பள்ளியின் மாலை வகுப்பில் சேர்ந்து படித்தவர்கள். வாமன் ரத்னகிரிப் பக்கத்து மராத்திக்காரர். பகலில் ஒரு விளம்பரக் கம்பெனியில் எழுத்து வரைந்துகொண்டிருந்தார். பர்ஜோருக்கு எதையும் அச்சாகப் பார்த்து வரையும் கை இருந்தது. ஆனால் அவர் சொந்தமாக வரைந்த எதுவும் கம்பெனியின் வண்ண அட்டை போலவே வந்து நின்றது. கட்டம் கட்டமாக, குற்றமில்லாமல். மூன்றாவது வருஷம் தன் தூரிகைகளை எல்லாம் ஒரு காகிதத்தில் சுற்றி வாமனிடம் கொடுத்துவிட்டார். வாமன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போதும் அதற்குப் பிறகும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வாமன் சிவ்ரியில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கின் மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் வேலை. கிழக்கு ஜன்னலைத் திறந்தால் உப்பளம். பாத்தி பாத்தியாக நீர், நடுவில் வரப்புகள், வெள்ளைக் குவியல்கள், அதற்கப்பால் சேறு, சேற்றுக்கப்பால் கடலா வானமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. வாமன் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் வரைவார். அவர் வரைந்தது நிலக்காட்சிதான், ஆனால் அதில் மரமோ வீடோ பாதையோ ஆளோ கிடையாது. பர்ஜோர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, சுவரில் பூச்சு இழுக்கும் பட்டித் தகட்டால் வண்ணத்தை அள்ளி ஒரே இழுப்பில் இழுப்பார். இழுத்த இடத்தில் ஒரு தூரம் உண்டாகும். அதன்மேல் இன்னொன்று. பார்க்கிறவனுக்கு ஏதோ ஒரு சமவெளியின் விளிம்பில் வந்து நின்றது போல இருக்கும்.

இந்த மாதிரி ஓவியத்தில் ஒரு தொல்லை உண்டு. முகம் வரைகிறவனுக்கு மூக்கு வந்துவிட்டால் முடிந்தது. மரம் வரைகிறவன் கடைசிக் கிளையோடு எழுந்துவிடலாம். வாமனுக்கு எங்கே முடிப்பது? இன்னும் ஒரு இழுப்பு, இன்னும் ஒன்று என்று போய் நன்றாக இருந்ததை அவரே பாழாக்கிவிடுவார். ஒரு மழைக்காலத்தில் இப்படி வரிசையாக மூன்று கான்வாஸ்கள் செத்தன. நான்காவதன் நடுவில்தான் பர்ஜோர் பட்டித் தகடு கொடுக்க அந்த அறைக்குள் நுழைந்தார். வாமன் தகட்டை ஓங்கியிருந்தார்.

“போதும்டா,” என்றார் பர்ஜோர்.

கை அந்தரத்தில் நின்றது. “எது போதும்?”

“அதான். முடிஞ்சுபோச்சு. இனிமே தொட்டா செத்துரும்.”

“நீ யாருடா பாவா, டாக்டரா?” என்று கேட்டார் வாமன். பம்பாயில் பார்சிக்காரர்களை எல்லோரும் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டுவிட்டுத் தகட்டைக் கீழே வைத்தார். கொஞ்சம் தள்ளி வந்து நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இருவரும் கீழே இரானி ஹோட்டலுக்குப் போய் பன்னும் வெண்ணெயும் சாப்பிட்டார்கள். பில் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படி ஆரம்பித்தது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு பர்ஜோர் வந்துவிடுவார். பின்சுவர் ஓரமாக ஒரு காலி பெயிண்ட் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். பேசக்கூடாது, இருமக்கூடாது, தலையாட்டக்கூடாது. வாமன் திரும்பிப் பார்க்கக்கூடாது. ‘போதும்’ என்ற சொல் விழுந்தால், இழுப்பு பாதியில் இருந்தாலும் தகட்டை வைத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்பதில்லை. சில நாள் ஒன்பது மணிக்கே வந்துவிடும். சில நாள் வரவே வராது. அந்தக் கான்வாஸை மாலையில் சுரண்டிவிடுவார்கள். ஐந்து வருஷத்தில் இருபத்துமூன்று ஓவியங்கள் அப்படி முடிந்தன.

தன் வாழ்க்கையிலேயே அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தனக்குத் தனிமை இல்லாமல் இருந்தது என்று பர்ஜோர் என்னிடம் சொன்னார். இரண்டு பேர் நாலு மணி நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று கல்யாணம் ஆனவர்களுக்கே தெரியாது என்றார். டர்பென்டைன் வாசனை, கீழே சரக்கு ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்ளும் ஓசை, உப்புக் காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பி. வாமனின் முதுகில் சட்டை நனைந்து ஒட்டுவதை வைத்தே மணி சொல்லிவிடுவாராம்.

வாமன் இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேலியாகப் பேசினார். “நான் வண்டி, நீ பிரேக்கு. நல்லா ஓடிச்சுன்னா வண்டியத்தான்டா எல்லாரும் தட்டிக் குடுப்பாங்க.” பர்ஜோரும் சிரித்தார்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆரம்பத்தில் வாமனுக்கு முதல் பெரிய கண்காட்சி நடந்தது. மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு விமரிசனம் வந்தது. அன்று மாலை கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். வாமனின் மனைவி ஷரயூ புதுச் சேலை கட்டிக்கொண்டு எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தார். யாரோ பத்திரிகையை வாமன் கையில் திணித்துப் படிக்கச் சொன்னார்கள். அவர் உரக்கப் படித்தார். கேள்ஷீகரின் பெரிய பலம், எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதுதான் என்று அதில் எழுதியிருந்தது.

கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, அது எப்படித் தெரிகிறது என்று கேட்டார்.

வாமன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “கைக்குத் தெரியும்,” என்றார்.

பர்ஜோர் ஐந்தடி தள்ளித்தான் நின்றார். வாமன் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் போதும், அது இருவருக்குமான ரகசியமாக ஆகியிருக்கும். பர்ஜோர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று ஷரயூவிடம் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எட்டு மணிக்குப் போனார். போகாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.

தில்லியில் நடக்கப்போகும் கண்காட்சிக்காக ஐந்தடிக்கு நாலடி கான்வாஸ் ஒன்றைச் சுவரில் அடித்து வைத்திருந்தார் வாமன். அதுவரை அவர் அவ்வளவு பெரிதாக வரைந்ததில்லை. வழக்கம்போல இருவரும் பேசவில்லை. ஒன்பது மணி, பத்து மணி. மேலே ஒரு கனத்த சாம்பல், அதன் அடியில் நீளமாக இழுத்த பழுப்பு. பதினொன்றே காலுக்கு மேல் வாமன் வெள்ளையில் கொஞ்சம் சிவப்பும் சாம்பலும் கலந்து, இடமிருந்து வலமாக ஒரு பட்டை இழுத்தார். கை தளர்ந்ததோ என்னவோ, வலது ஓரத்துக்குப் போவதற்குள் அது மெலிந்து, வெறும் கான்வாஸ் தெரிய நின்றது. அந்த வெற்றிடத்தில் உப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. உப்பின் மேல் விழும் காலை வெளிச்சமும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்ததைவிட அது உண்மையாக இருந்தது.

பர்ஜோர் டிரம்மில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்துமூன்று ஓவியங்களிலும் இப்படி ஒன்று வந்ததில்லை. சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று இருபது.

சொல்லவில்லை.

வாமன் தகட்டில் வண்ணத்தை எடுத்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார். இரண்டு நிமிடம் இருக்கும் என்பது பர்ஜோரின் கணக்கு. பிறகு, ஐந்து வருஷத்தில் முதல் முறையாகக் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினார். முழுக்கத் திரும்பவில்லை. காது மட்டும் இந்தப் பக்கம் வந்தது. பர்ஜோர் ஜன்னலைப் பார்த்தார். ஒரு பெண் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். அவள் குவியல்வரை போய்க் கொட்டுவதை அவர் பார்த்தார். அவர் பார்வை கான்வாஸுக்குத் திரும்பி வந்தபோது வெற்றிடத்தின் மேல் ஒரு பழுப்பு விழுந்திருந்தது.

அப்புறம் அது இறங்கிக்கொண்டே போயிற்று. ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று, அதைச் சரிசெய்ய வேறொன்று. ஒரு மணிக்கு வாமன் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“இன்னும் வரலையா?”

“வரலை,” என்றார் பர்ஜோர்.

மூன்று மணிக்குக் கான்வாஸ் முழுக்க ஒரு கருஞ்சேறு கட்டை விரல் கனத்துக்கு நின்றது. வாமன் தகட்டைத் தானே கீழே வைத்தார். சுரண்டவில்லை. ஆணிகளைப் பிடுங்கிக் கான்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அன்று இரானி ஹோட்டலுக்கு இருவரும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு பர்ஜோர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த ஞாயிறு கம்பெனியில் சரக்கு எண்ணும் வேலை என்றார். மூன்றாவது ஞாயிற்றுக்குக் காரணம் தேவைப்படவில்லை. அந்த வருஷக் கடைசியில் வாமன் லக்னோவில் ஒரு ஓவியக் கல்லூரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

நடந்த வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருஞ்சேற்றைத்தான் தில்லி கொண்டாடியது. ‘உப்பளம்’ என்ற பெயரில் அது தொங்கியது. கேள்ஷீகர் அழகை விட்டு ஆழத்துக்கு வந்துவிட்டார் என்று எழுதினார்கள். அதன் பிறகு இருபது வருஷம் அவர் அப்படித்தான் வரைந்தார். கனமாக, இருட்டாக, நிறுத்தவேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய். புகழும் அதனால்தான் வந்தது. ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடந்த பத்திரிகையில் பர்ஜோர் ‘உப்பள’த்தின் வண்ணப் படத்தைப் பார்த்தார். அவருக்கு மேலே இருந்தது தெரியவில்லை. அடியில் இருந்ததுதான் தெரிந்தது. பெயர் கூப்பிட்டது கேட்காமல் அவர் முறை தவறிப்போயிற்று.

அந்த இளஞ்சிவப்புச் சாம்பலை மட்டும் அவர் மீட்டு வைத்திருந்தார். எழுபதாம் வருஷம் கம்பெனியில் மதிய உணவு வேளைகளில் மூன்று மாதம் கலந்து கலந்து பார்த்து, ஒரு தகரத் துண்டில் பூசி, இதுதான் என்று முடிவு செய்தார். அந்தத் தகட்டுக்கு எண் கிடையாது. மேஜையின் கடைசி இழுப்பறையில் வைத்திருந்தார். என்ன அது என்று நான் ஒருமுறை கேட்டேன். விற்பனைக்கு வராத நிறம் என்றார்.

வாமன் ஓய்வு பெற்று பம்பாய்க்குத் திரும்பி வில்லே பார்லேயில் குடியேறினார். பர்ஜோர் தாட்தேவில் பார்சிக் குடியிருப்பில் அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். ஒரே ஊரில் பதினோரு வருஷம். ஒரே ரயில் பாதை, பத்து ஸ்டேஷன் தள்ளி. இருவரும் சந்தித்துக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் ஷரயூ போன் செய்தார். குரலை வைத்து பர்ஜோர் உடனே கண்டுபிடித்தார். வாமனுடைய மொத்த ஓவியங்களையும் வைத்து ஒரு பெரிய கண்காட்சி நடக்கப்போவதாகவும், கூடவே ஒரு புத்தகம் வருவதாகவும் ஷரயூ சொன்னார். முக்கியமான ஓவியங்களுக்கு அவர் சொல்லச் சொல்லத் தான் குறிப்பு எழுதுவதாகவும், கை நடுக்கத்தால் அவரால் எழுத முடியவில்லை என்றும் சொன்னார். ‘உப்பள’த்தின் குறிப்பில் பர்ஜோரைப் பற்றி எழுதியிருக்கிறாராம். அச்சுக்குப் போவதற்கு முன் பர்ஜோர் வந்து படிக்க வேண்டுமாம்.

“என்னைப் பத்தி என்ன இருக்கு வஹினி எழுத?” என்றார் பர்ஜோர். மராத்தியில் வஹினி என்றால் அண்ணி.

“அதை வந்து அவர்கிட்டயே கேளுங்க. நீங்க வர்ற வரைக்கும் அச்சுக்குக் குடுக்க மாட்டேங்கறாரு. பிரஸ்காரன் என்னைத்தான் திட்டறான்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார். இழுப்பறையில் வைத்திருந்த அந்த நிறத் தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

வாமன் நாற்காலியில் இருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. வலது கை மடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. “வாடா பாவா. முடி எல்லாம் எங்க போச்சு?” என்றார். “உன் கையாட்டம் என் முடியும் லீவுல போயிருச்சு வாமன்யா,” என்றார் பர்ஜோர். இருவரும் சிரித்தார்கள். அதோடு பேச்சு நின்றுபோயிற்று. பழைய நாட்களில் இல்லாத ஒரு கூச்சம் அந்த மௌனத்தில் இருந்தது. ஷரயூ காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஐந்து வருஷம் என் ஓவியங்களை முடித்துவைத்தவர் பர்ஜோர் கபாடியா, அவருடைய ஒரு சொல்லில்தான் என் கை நின்றது, இதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று முதல் பத்தியில் இருந்தது. அந்த வரிகளை அவர் மூன்று தடவை படித்தார். முப்பத்துநாலு வருஷமாக அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். இரண்டாம் பத்திக்குப் போனார். ‘உப்பளம்’ வரைந்த அன்று அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. என்னால் இன்னும் தூரம் போக முடியும் என்று என்னைவிட முன்னதாக அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் போகவிட்டார். அதன் பிறகு நான் வரைந்த எல்லாம் அந்த மௌனத்திலிருந்து வந்தவை.

பர்ஜோர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். புத்தகத்தில் பெயர் வரும். இத்தனை வருஷம் கழித்து வாமன் தானாகவே கொடுப்பது. வாங்கிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. வாங்காவிட்டால், இந்த மனிதர் நின்றுகொண்டிருக்கும் இடத்தையே அடியிலிருந்து உருவ வேண்டியிருக்கும். அவருக்கு அறுபத்தொன்பது வயது. கை ஆடுகிறது.

ஷரயூ சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டார்கள். பருப்பும் சோறும் பொரித்த பொம்பில் மீனும். வாமனுக்கு ஷரயூ ஸ்பூனால் ஊட்டினார். பர்ஜோர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். கை கழுவி வந்து காகிதத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். வாமன் அவசரப்படுத்தவில்லை.

“முதல் பத்தி சரி,” என்றார் பர்ஜோர் கடைசியில். “ரெண்டாவது தப்பு.”

“என்ன தப்பு?”

“வந்துச்சு. பதினொன்னு இருபதுக்கு வந்துச்சு. நான் சொல்லலை.”

வாமன் அவரையே பார்த்தார்.

“பேப்பர்ல போட்டிருந்ததைப் படிச்சியே, அந்தக் கோவம். கைக்குத் தெரியும்னியே. சரி, கையே பார்த்துக்கட்டும்னு இருந்துட்டேன். நீ திரும்பினப்ப ஜன்னலைப் பார்த்தேன். ஒரு மணிக்குக் கேட்ட. வரலைன்னு பொய் சொன்னேன்.”

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஷரயூ கதவருகே வந்து நின்றது பர்ஜோருக்குத் தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அப்ப இருபது வருஷமா நான் வரைஞ்சது பூரா உன் கோவமாடா?” என்றார் வாமன். குரலை உயர்த்தவில்லை. பிறகு மெதுவாக எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார்.

பர்ஜோர் எழுந்து போயிருக்கலாம். செருப்பு வாசலில்தான் இருந்தது. உட்கார்ந்திருந்தார். ஷரயூ எதிரில் வந்து உட்கார்ந்தார். “இதைச் சொல்லணுமா பர்ஜோர்பாய்?” என்றார். அரை மணி நேரம் போல இருவரும், எதிர் மாடியில் யாரோ ஊறுகாய் ஜாடிகளை வெயிலில் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாமன் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார்.

“நீ பேசினது போதும். இப்ப நான் சொல்றேன்,” என்றார். “அன்னிக்கு எனக்கும் தெரிஞ்சுது. கையே சொல்லிச்சு. என் ஜென்மத்துல முதல் தடவை. தகட்டை வைச்சுரலாம்னு நின்னேன். ஆனா நீ சொல்லாம நான் எப்படி வைக்கிறது? வைச்சா, பேப்பர்ல போட்டது நிஜம்னு ஆயிரும். நீ வேண்டாம்னு ஆயிரும். நீ சொல்லுவேன்னு நின்னேன். நீ சொல்லலை. எனக்கும் ரோஷம் வந்துருச்சு.”

“அப்புறம் ஏன் இப்படி எழுதின?”

“வேற எப்படி நினைச்சுக்கிட்டு நான் லக்னோ போயி வேலை செய்யறது? நீ போகவிட்டேன்னு நினைச்சாத்தான் கை ஓடிச்சு. நினைச்சு நினைச்சு அப்படியே ஆயிருச்சு.” பிறகு சொன்னார்: “அன்னிக்கு அந்தக் கூடத்துல உன் மூஞ்சியை நான் பார்க்காம இல்லை.”

அதற்குப் பிறகு நிலவிய மௌனத்தைப் பற்றி பர்ஜோர் என்னிடம் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் சொன்னார். சிவ்ரி அறையில் இருந்த மௌனம் அது என்றார். அதற்குள் அவர் முப்பத்துநாலு வருஷம் கழித்து நுழைந்தாராம்.

அவர் கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். தகட்டை வாமனின் மடியில் வைத்தார். “இதுதான் அந்தப் பட்டை. இடமிருந்து வலமா. வலது ஓரத்துல வெறும் கான்வாஸ்.”

வாமன் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“இது என்ன?”

“அன்னிக்கு நீ போட்ட நிறம்.”

“பைத்தியமாடா உனக்கு? அன்னிக்கு அந்த ரூம்ல சிவப்பே கிடையாது. ட்யூப் தீர்ந்து போயி நாலு நாளாச்சு. நான் போட்டது மஞ்சள். எலுமிச்சை மாதிரி ஒரு மஞ்சள். கீழ, கான்வாஸோட அடியில. அதைப் போட்டதும்தான் கை நின்னுது.”

“மஞ்சளே இல்லை வாமன்யா.”

“வரைஞ்சவன் நானா நீயா?”

“பார்த்தவன் நான். நான் தினம் நூறு நிறம் பார்க்கிறவன்.”

“உன் டப்பாப் பெயிண்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்ணு இப்படி ஆயிருக்கு.”

வலது ஓரம் காலியாக இருந்தது என்பதையும் வாமன் ஒத்துக்கொள்ளவில்லை. காலியாக இருந்தது நடுப்பகுதி என்றார். காகிதம் கொண்டுவரச் சொல்லி, ஆடும் கையால் கோடு இழுத்துக் காட்டினார். பர்ஜோர் அதன் மேலேயே வேறு கோடு இழுத்தார். முப்பத்துநாலு வருஷம் பேசாதவர்கள் சண்டை போடவா சேர்ந்தீர்கள் என்று ஷரயூ திட்டிக்கொண்டே டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போகும்வரை இருவரும் எடுக்கவில்லை.

அந்த ஓவியம் உலகத்தில் இரண்டு நிமிடம் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் பார்த்தது ஒன்றா என்று இனி யாரிடமும் கேட்க முடியாது. தகட்டை வைத்துக்கொண்டு தான் காவல் காத்தது எதை என்று அன்று மாலை ரயிலில் வரும்போது யோசித்ததாக பர்ஜோர் சொன்னார். யோசித்தும் அவருக்குக் கஷ்டமாக இல்லையாம். கிளம்பும்போது வாமன், அடுத்த ஞாயிறு சீக்கிரம் வா, மஞ்சளை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

குறிப்பின் முதல் பத்தியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஷரயூ எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விடுவது இன்னொரு பொய் என்று வாமன் மறுத்துவிட்டார். முழுவதையும் எழுதலாமா என்று கேட்டதற்கு, அது ஊருக்கு எதற்கு என்றார் பர்ஜோர். புத்தகத்தில் ‘உப்பளம்’ இருக்கும் பக்கத்தில் பெயர், வருஷம், அளவு, தைல வண்ணம் என்பதோடு சரி. பர்ஜோர் கபாடியா என்ற பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

மூன்று வருஷம் ஞாயிறுதோறும் பர்ஜோர் வில்லே பார்லேக்குப் போனார். வாமன் கேள்ஷீகர் இரண்டாயிரத்து ஆறு ஆகஸ்டில் இறந்தார். மஞ்சளைப் பற்றிக் கடைசிவரை இருவரும் ஒத்துப்போகவில்லை. ஷரயூ நாசிக்கில் மகளிடம் போய்விட்டார். பர்ஜோர் மூலம் ஏற்பட்ட பழக்கத்தில், அங்கிருந்து எனக்கு இரண்டு தீபாவளிக்கு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு வரவில்லை. பர்ஜோர் இரண்டாயிரத்துப் பதினொன்றில், தூக்கத்தில் போனார். அவர் வீட்டுச் சாமான்களை உறவினர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். தகடு யாரிடம் போயிற்று என்று தெரியாது. சிவ்ரிக் கிடங்கை இடித்துவிட்டார்கள். ‘உப்பளம்’ தில்லியில் ஒருவர் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் அதை நேரில் பார்த்ததில்லை.